ரத்தம் எடுக்கும் வேலைக்குப் படிக்க வழி சொல்லுங்கள்

வணக்கம். தங்கை பிளஸ் டூவில் உயிரியல் எடுத்து முடித்திருக்கிறாள். லேபில் ரத்தம் எடுக்கும் பிளெபாட்டமி வேலைக்குத்தான் போவேன் என்கிறாள். 2 வருட டி.எம்.எல்.டி. (மருத்துவ லேப் டெக்னீஷியன் டிப்ளமோ) படிப்பதா, சில மாதச் சான்றிதழ் படிப்பே போதுமா? லேபில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

என் கவலை பயிற்சியைப் பற்றித்தான். விசாரித்த ஒரு மையத்தில் பிளாஸ்டிக் கையில் மட்டுமே குத்திப் பழக்குகிறார்கள். நரம்பே தட்டுப்படாத பெரியவர்கள், அழுகிற குழந்தைகள் என்று பார்த்தால்தானே கை பழகும்? எந்தக் குழாயில் முதலில் ரத்தம் பிடிப்பது என்ற வரிசையும் அப்படித்தான், பழகினால்தான் வரும். ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமல் இருக்கப் போட்டிருக்கும் இ.டி.டி.ஏ. என்ற ரசாயனம் சிவப்பு மூடிக் குழாயில் துளி கலந்தாலும் பொட்டாசியம் பொய்யாக ஏறிக் காட்டும். பாவம், நோயாளிதான் பயந்துபோவார்.

மதுரைப் பக்கம் மருத்துவமனையிலேயே வைத்துப் பழக்கும் இடம் தெரியுமா? அப்புறம், ஹெபடைடிஸ் பி தடுப்பூசியைச் சேர்வதற்கு முன்பே போட்டுவிடலாமா?