'ஹெல்ப் அவுட்' என்று கேட்டால் உடனே தலையாட்டாதீர்கள்

லண்டனுக்குப் புதிதாகப் படிக்க வந்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். 'ஹெல்ப்' எல்லோருக்கும் தெரியும். அதன் வாலில் ஓர் 'அவுட்' ஒட்டிக்கொண்டால்தான் வம்பு.

கல்யாண வீட்டில் பெரியம்மா கூப்பிடுவாரே, "சும்மா நிக்காம கூடமாட ஒத்தாசை பண்ணு" என்று, ஏறக்குறைய அதுதான் 'ஹெல்ப் அவுட்'. ஆள் பற்றாத நேரத்தில், வேலை குவிந்து கிடக்கும்போது போய்க் கை கொடுப்பது.

நான் வந்த முதல் வருடம் ஒரு கடையில் வாரம் 16 மணி நேரம் வேலை பார்த்தேன். ஒரு வியாழக்கிழமை ராத்திரி, ஷட்டர் இறக்கும் நேரம். மேனேஜர் ரோட்டாவை, அதாவது யாருக்கு எப்போது வேலை என்ற அட்டவணையைப் பார்த்தபடியே "குட் யூ ஹெல்ப் அஸ் அவுட் ஆன் சாட்டர்டே?" என்றார். ஏதோ நாலு பெட்டி தூக்கிவைக்கச் சொல்கிறார் என்று நினைத்து "ஷ்யூர்" என்றேன். அவர் பேனாவை எடுத்து சனிக்கிழமைக் கட்டத்தில் என் பெயரை எழுதினார்: காலை 10 முதல் மாலை 6 வரை. 16-உம் 8-உம் 24. மாணவர் விசாவில் பட்டப்படிப்பு படிப்பவர்களுக்கு டெர்ம் நடக்கும்போது வாரம் 20 மணி நேரம்தான் அனுமதி. இந்தக் கணக்கில் வாரம் என்பது திங்களில் தொடங்கி ஞாயிறில் முடியும்.

"சம்பளம் வாங்காம நில்லு, கணக்குல வராது" என்று கூட வேலை பார்த்த அண்ணன் ஒருவர் யோசனை சொன்னார். நல்ல மனிதர், ஆனால் தப்பான யோசனை. கடையில் காசு வாங்காமல் நின்றாலும் அது வேலைதான், அந்த 20-இல் சேரும்.

இந்தச் சொல்லை அரசாங்கமே ஒருமுறை பயன்படுத்திக்கொண்டது. கொரோனாவில் உணவகங்கள் படுத்துவிட, 2020 ஆகஸ்டில் 'ஈட் அவுட் டு ஹெல்ப் அவுட்' என்று ஒரு திட்டம். திங்கள் முதல் புதன் வரை உட்கார்ந்து சாப்பிட்டால் பாதி விலை, தள்ளுபடி ஆளுக்கு 10 பவுண்டு வரை. சாப்பிடுவதே ஒத்தாசை என்றால் நமக்கென்ன கசக்கிறதா!

அப்புறம், ரூமில் கூட இருப்பவர் மாதக் கடைசியில் குரலைத் தாழ்த்தி "கேன் யூ ஹெல்ப் மீ அவுட்?" என்றால் பெரும்பாலும் கைமாற்றுதான். பர்ஸை எடுப்பதற்கு முன் எவ்வளவு, எப்போது திருப்பித் தருவார் என்று கேட்டுவிடுங்கள்.

பேசும்போது 'மீ', 'அஸ்', 'ஹிம்' எல்லாம் நடுவில்தான் வரும். 'ஹெல்ப் அவுட் மீ' என்று சொல்ல மாட்டார்கள்.

சரி, என் சனிக்கிழமை என்ன ஆயிற்று? மறுநாள் மேனேஜரிடம் போய், "ஹேப்பி டு ஹெல்ப் அவுட், பட் ஐ ஹேவ் ஒன்லி ஃபோர் அவர்ஸ் லெஃப்ட் திஸ் வீக்" என்றேன். அவர் 10-ஐ அடித்துவிட்டு 2 என்று எழுதிக்கொண்டார்.