அவன் மன்னிப்பு கேக்காம நான் எப்படி மன்னிக்கிறது?

காசிமேட்டு அக்கா:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இருபது வருஷமா காசிமேட்டு ஏலத்துல மீன் எடுத்து தண்டையார்பேட்டையில விக்கிறேன். 2016-ல என் தம்பி, போட்டுக்கு எஞ்சின் வாங்கணும்னு என் நகை ஆறு சவரனை அடகு வெச்சான். மூணு மாசத்துல மீட்டுத் தரேன்னான். வட்டி கூட கட்டல, நகை ஏலத்துல போயிடுச்சு. காலமான எங்க வீட்டுக்காரர் போட்ட செயினும் அதுலதான் இருந்துச்சு.

2019-ல அம்மா ஆஸ்பத்திரியில கெடந்தப்போ அவன் எட்டிக்கூடப் பாக்கல. அடக்கத்துக்கு வந்து, ஓரமா நின்னுட்டுப் போயிட்டான். அன்னைலேர்ந்து பேச்சு கிடையாது.

இப்போ தடைக்காலம். ஏப்ரல் 15-லேர்ந்து 61 நாள் பெரிய போட்டு எதுவும் போகாது. வியாபாரம் கம்மி, யோசனை ஜாஸ்தி. போன வாரம் அவன் பொண்டாட்டி வந்து மக கல்யாணப் பத்திரிகையைக் குடுத்துட்டுப் போனா. இன்னும் பிரிக்கல. ஞாயித்துக்கிழமை பாஸ்டர் யோவான் 9 எடுத்தாரு. பிறவிக் குருடன் சீலோவாம் குளத்துல கழுவிட்டு பார்வையோட வரான். வேதம் படிச்ச பரிசேயருக்கு மட்டும் ஒண்ணும் தெரியல. "பாக்குறோம்"னு சொல்றதாலதான் உங்க பாவம் நிலைநிக்குதுன்னு ஆண்டவர் அவங்ககிட்ட சொல்றாரு. அதுக்கப்புறம் திருவிருந்துக்கு எழுந்து போக எனக்குக் கால் வரல.

அவன் ஒரு வார்த்தை கேக்காம நான் எப்படி மன்னிக்கிறது? மன்னிச்சா ஆறு சவரனும் ஒண்ணுமில்லன்னு ஆயிடுமா?

வண்ணாரப்பேட்டை வாத்தியார்:
ஒண்ணுமில்லன்னு ஆண்டவரே சொல்லல, சகோதரி. மத்தேயு 18-ல ஆண்டவர் ஒரு கதை சொல்றாரு: ராஜா ஒரு வேலைக்காரனோட கடனைத் தள்ளுபடி பண்றாரு, அவனோ வெளிய போய் தன் உடன்வேலைக்காரனைக் கடனுக்காகப் பிடிச்சு நெருக்குறான். அந்த உடன்வேலைக்காரன் பட்ட கடன் நூறு வெள்ளிப்பணம். ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. அப்போ மூணு மாசத்துக்கு மேல உழைச்ச காசு, ஏழைக்கு அது சின்னத் தொகையா? ஆனா ராஜா மன்னிச்சது பதினாயிரம் தாலந்து. தாலந்துக்கு 6,000 நாள் கூலின்னா மொத்தம் ஆறு கோடி நாள் கூலி. அந்த வேலைக்காரனுக்கு தனக்கு வர வேண்டிய நூறு நல்லாத் தெரிஞ்சுது. தனக்குத் தள்ளுபடியான ஆறு கோடி கண்ணுலயே படல. குருட்டுத்தனம்னு நான் நினைக்கிறது அதைத்தான்.

எண்ணூர் சகோதரன்:
ஒண்ணு மட்டும். மன்னிக்கிறது வேற, மறுபடி நம்பி நகையைத் தூக்கிக் குடுக்கிறது வேற. யாராச்சும் ரெண்டையும் ஒண்ணாக்கிச் சொன்னா கேக்காதீங்க.

ராயபுரம் பெரியம்மா:
அப்போஸ்தலர் 9 எடுத்துப் படிம்மா. விசுவாசிகளைக் கொடுமைப்படுத்தின சவுல் தமஸ்குவில மூணு நாள் கண்ணு தெரியாம கெடக்கான். அந்த ஊர் சீஷன் அனனியாவுக்கு அவன்கிட்ட போக மனசில்ல, அவன் பண்ண கொடுமையெல்லாம் ஆண்டவர்கிட்டயே சொல்றான். இருந்தாலும் போறான். போய் கையை வெச்சு, "சகோதரனாகிய சவுலே"ன்னு கூப்பிடுறான். அதுக்கு முன்னாடி சவுல் அவன்கிட்ட மன்னிப்பு கேட்டதா அங்க எழுதல. அப்புறம்தான் கண்ணுலேர்ந்து மீன் செதிள் மாதிரி விழுந்துச்சாம். காஞ்ச செதிள் கையில ஒட்டிக்கிட்டா எப்படி இருக்கும்னு உனக்கு நான் சொல்லணுமா? ஊற வெச்சாத்தான் வரும்.

இன்னொண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காத. அம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்கன்னு அவனுக்கு யாரு சொன்னா?

காசிமேட்டு அக்கா:
பெரியம்மா, ரெண்டு நாளா பதில் எழுதத் தைரியம் வரல. யாரும் சொல்லல. அம்மா மூணு தடவ "தம்பி வந்தானா"ன்னு கேட்டுச்சு. "போன் பண்ணேன், எடுக்கல"ன்னு சொன்னேன். நான் பண்ணவே இல்ல. இத்தனை வருஷமா அவன் வரலன்னே ஊரெல்லாம் சொல்லிட்டிருந்தேன். சொல்லிச் சொல்லி நானே நம்பிட்டேன்.

இன்னைக்குப் பத்திரிகையைப் பிரிச்சேன். அழைப்பவர்கள்னு போட்ட இடத்துல என் பேரைத்தான் முதல்ல போட்டிருக்கான்.

நாளைக்குக் காலையில தம்பியைப் பாக்க எண்ணூர் பஸ் ஏறுறேன். நகையைப் பத்தி நான் பேசப் போறதில்ல. அம்மா கேட்டதை அவன்கிட்ட சொல்லணும். ஜெபத்துல நினைச்சுக்கோங்க.