மறுமொழி: ஆய்வுத் தலைப்பில் ‘உகப்பாக்கம்’ வேண்டுமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

முனைவர் பட்ட முன்மொழிவின் தமிழ்ச் சுருக்கத்தை மாணவி வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். நாமோ கம்பைலரை, அதாவது நாம் எழுதும் நிரலைக் கணினியின் மொழிக்கு மாற்றும் மென்பொருளை, தொகுப்பி என்பதா நிரல்பெயர்ப்பி என்பதா என்பதிலேயே நிற்கிறோம். கணினி முன்னோடி கிரேஸ் ஹாப்பர் 1952இல் செய்த ஏ-0 என்ற முதல்கால கம்பைலர், நாடாவிலிருந்த துணைநிரல்களை எடுத்துத் தொகுத்தது, அதனால் அந்தப் பெயர். இன்றைய கருவியின் வேலை பெயர்ப்புதான், ஆனாலும் தொகுப்பி பழகிவிட்டது, அதுவே இருக்கட்டும்.

என்னை உறுத்துவது ஆப்டிமைசேஷன், அதாவது நிரலின் பொருள் மாறாமல் அதைத் தொகுப்பி வேகமாக்குவது அல்லது சிறிதாக்குவது. அதை உகப்பாக்கம் என்று தலைப்பில் போட்டால் இதைவிடச் சிறந்தது இல்லை என்று வாக்குக் கொடுத்ததாகிவிடும். தொகுப்பியால் அது ஆகாது. எதையும் வெளியிடாமல் முடிவின்றி ஓடும் நிரலை எடுத்துக்கொள்ளுங்கள், அதை ஆகச் சிறியதாகச் சுருக்கினால் மிஞ்சுவது ஒரு வெற்றுச் சுழல், எதுவும் செய்யாமல் சுற்றிக்கொண்டே இருப்பது. எல்லா நிரலையும் அப்படிச் சுருக்கித் தரும் தொகுப்பி இருந்தால், எந்த நிரல் ஓடி முடிந்து நிற்கும், எது நிற்காது என்றும் சொல்லிவிடலாமே! அது முடியாது என்று கணிதவியலாளர் ஆலன் டூரிங் 1936இலேயே நிறுவிவிட்டார். ஆகவே நடப்பது மேம்படுத்தல்தான்.

‘உகப்பே உயர்தல், உவப்பே உவகை’ என்ற தொல்காப்பிய உரியியல் நூற்பாவைக் காட்டி, உகப்பு என்றால் உயர்வு மட்டுமே, உச்சம் அல்ல என்கிறார் நம் குழுவின் ஐயா. நூற்பா அப்படித்தான் சொல்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இன்று ‘உகந்த நேரம்’ என்று கேட்பவர் மனத்தில் உயர்தலா வருகிறது? எல்லாவற்றையும்விடப் பொருத்தமானது என்றுதானே எடுத்துக்கொள்கிறார். படிப்பவர் உரியியலைத் திறந்து வைத்துக்கொண்டு ஆய்வேட்டைப் படிக்க மாட்டார்.

அதற்காக உகப்பாக்கத்தைத் தூக்கி எறியவும் வேண்டாம். 1987இல் மசாலின் எழுதிய சூப்பர்ஆப்டிமைசர், சிறு நிரல்துண்டுகளுக்கு மட்டும், குறுகியதில் தொடங்கி ஒவ்வொரு கட்டளை வரிசையையும் தேடிப் பார்த்தது. அந்தத் தேடலுக்கு இந்தச் சொல் சரியாகப் பொருந்தும்.

ஆக, மாணவி செய்யப்போவது எது? தொகுப்பிகள் கட்டப் பயன்படும் எல்எல்விஎம் என்ற திறமூல மென்பொருளில் புதிதாக ஒரு மேம்படுத்தல் கட்டத்தைச் சேர்த்து வேகம் அளப்பது ஒரு வேலை, ஆகக் குறுகிய நிரல்துண்டைத் தேடி, அது மூலத்துக்கு நிகர் என்று நிறுவுவது முற்றிலும் வேறு வேலை, இரண்டையும் ஒரே சொல்லுக்குள் வைத்து முன்மொழிவு எழுதினால் முதல் நேர்காணலிலேயே கேள்வி வரும். மேம்படுத்திய நிரல் பொருள் மாறாமல் இருக்கிறதா என்று சோதிப்பது மூன்றாவது வழி, எனக்குப் பிடித்ததும் அதுதான். தற்போக்கில் சி நிரல்களை உருவாக்கித் தொகுப்பிகளைச் சோதிக்கும் சிஸ்மித் கருவியைச் செய்த குழு 2011இல் வெளியிட்ட கட்டுரையில் சி தொகுப்பிகளில் 325க்கும் மேற்பட்ட புதிய பிழைகள் பதிவாயின. அங்கே இன்னும் நிறைய வேலை கிடக்கிறது.

மேம்படுத்தல் கலைச்சொல்லாகவே இல்லை, வெறும் பேச்சுச்சொல் என்று நம் குழுவில் அக்கா எழுதியதை நான் ஏற்கவில்லை, வகுப்பில் விளக்கம் கேட்காமல் புரிகிற சொல் அது. பெரும்பான்மை உகப்பாக்கம் என்றால் அப்படியே போகட்டும், என் வாக்கு மாறாது. மாணவி மட்டும் மூன்றில் எது என்று நாளைக்குள் எழுதட்டும், மற்ற சொற்களை அப்புறம் பார்ப்போம்.