நிரூபணங்களைத் திருத்துவதை மென்பொருளிடம் விடலாமா?

கேள்வி:
முதலாண்டு மாணவர்களுக்கு நிரூபணம் எழுதக் கற்றுத்தருகிறேன். தாள்களைத் திருத்திக் கொடுப்பதற்குள் பாடம் அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுகிறது. எழுதும்போது என்ன நினைத்தோம் என்பதே அவர்களுக்கு மறந்துவிடுகிறது. ஏஐ-யிடம் திருத்தக் கொடுக்கலாமா, இல்லை லீன் (நிரூபணத்தைக் கணினியே சரிபார்க்கும்படி எழுதவைக்கும் மென்பொருள்) பழக்கலாமா? வகுப்பில் பயன்படுத்திப் பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.

பதில் 1:
லீன் என்றால் 'நேச்சுரல் நம்பர் கேம்' வைத்துத் தொடங்குங்கள். பிரவுசரிலேயே ஓடும். கூட்டலையே அடிப்படை விதிகளிலிருந்து கட்டவைப்பதால் தொகுத்தறிதல் (முதல் எண்ணுக்குக் காட்டிவிட்டு, ஓர் எண்ணிலிருந்து அடுத்த எண்ணுக்குப் போகும் நிரூபண முறை) கையில் படிந்துவிடும்.

பதில் 2:
மதிப்பெண்ணை மட்டும் ஏஐ-யிடம் விடாதீர்கள். காரணம் சொல்கிறேன். 'ஒரு முழு எண்ணின் வர்க்கம் இரட்டை என்றால் அந்த எண்ணும் இரட்டை' என்று நிரூபிக்கச் சொன்னால், பலர் எண்ணை இரட்டை என்று வைத்துக்கொண்டு வர்க்கம் இரட்டை என்று காட்டிவிட்டு வருவார்கள். ஒவ்வொரு வரியும் உண்மை. ஆனால் நிரூபித்தது மறுதலையை! வரிவரியாகப் பார்த்து 'சரி' போடும் எதுவும் இங்கே கோட்டைவிடலாம். லீன் விடாது. கையில் இருப்பது என்ன, காட்டவேண்டியது என்ன என்று திரையில் தனித்தனியாக நிற்கும்; காட்டவேண்டியதையே எடுத்துக்கொள்ள வழியில்லை.

அதற்காக எல்லாரையும் லீனில் தள்ளுவதும் எனக்கு உடன்பாடில்லை. அதன் எழுத்துமுறையோடு மல்லுக்கட்டுவதிலேயே, கணிதம் புரிந்த பிள்ளையும் சோர்ந்துபோகிறது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் உருவான 'ப்ரூஃப் பிளாக்ஸ்' இடைப்பட்ட வழி. கலைத்துப்போட்ட வரிகளை மாணவர் அடுக்கவேண்டும். எந்த வரி எதைச் சார்ந்தது என்று நாம் குறித்துவைத்தால், பொருந்தும் எல்லா வரிசையையும் ஏற்கும். ஆனால் வரியை யோசித்து எழுதும் பழக்கம் அதில் வராது.

மாணவருக்கு உண்மையில் உதவும் பின்னூட்டம் எதிர் எடுத்துக்காட்டுதான். தொகுத்தறிதலில் முதல் படியை விட்டுவிட்டால், 'இதே முறையில் எந்த எண்ணும் அடுத்த எண்ணுக்குச் சமம் என்று காட்டலாமே, எங்கே தடுக்கும்?' என்று கேளுங்கள். இருபுறமும் ஒன்றைக் கூட்டினால் அடுத்த படி கச்சிதமாக வந்துவிடும், அதனால் அந்தக் கேள்வி அவர்களை உலுக்கும். ஏஐ-யை இப்படிக் கேள்வி கேட்க மட்டும் பயன்படுத்துங்கள்.

கேட்டவர்:
அந்த மறுதலைத் தவறு என் வகுப்பிலும் நிறைய. ஏஐ விடையையே எழுதிக் கொடுத்துவிட்டால்?

பதில் 2:
கொடுக்கத்தான் பார்க்கும். 'பிழையுள்ள முதல் வரியைச் சுட்டு, ஒரே ஒரு கேள்வி கேள், திருத்தாதே' என்று கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள். மாணவரிடம் தருவதற்கு முன், நீங்களே வேண்டுமென்று மறுதலை நிரூபணம் ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். அதைப் பிடிக்கவில்லையென்றால் வகுப்புக்குள் விடவேண்டாம்.