கல்லூரி மைதானத்தில் கூத்து: ஒலியமைப்புக்கு யோசனை சொல்லுங்கள்

வணக்கம். எங்கள் கல்லூரிக் கலைவிழாவில் இந்த முறை டிஜே வேண்டாம், தெருக்கூத்து வைக்கலாம் என்று அடம்பிடித்து அனுமதி வாங்கிவிட்டோம். இப்போதுதான் வயிற்றைக் கலக்குகிறது.

போன வருஷமும் ஒரு கூத்துக் குழுவை அழைத்திருந்தோம். மைக்செட்காரர் ஆர்கெஸ்ட்ரா பழக்கத்தில் பாடுபவர் முன்னால் மட்டும் ஸ்டாண்ட் மைக்கை நட்டுவிட்டார். வேஷக்காரர் கிறுக்கி (வேகமாகச் சுற்றும் ஆட்டம்) அடித்துச் சுழலும்போது குரல் வந்து வந்து போனது. பின்னால் இருந்து சேர்ந்து பாடுபவர்களின் பின்பாட்டு சுத்தமாகக் கேட்கவில்லை. முகவீணையோ (சின்ன நாதஸ்வரம் மாதிரி ஊதுகிற வாத்தியம்) விசில் மாதிரி காதைக் கிழித்தது. திரை பிடித்து வேஷம் நுழையும் அருமையான இடத்தில் பசங்க கத்த ஆரம்பித்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

இம்முறை மேடையே வேண்டாம், தரையில் மூன்று பக்கமும் உட்கார வைக்கலாம் என்று நினைக்கிறோம். சுமார் 600 பேர் வருவார்கள். மிருதங்கம், ஆர்மோனியம், முகவீணை, தாளம் எல்லாம் ஒரே பெஞ்சில்; மேலே மைக் தொங்கவிட்டால் போதுமா, தனித்தனியாக வைக்கணுமா? புஜக்கீர்த்தி (தோளில் கட்டும் அணி), மார்புப் பதக்கம் எல்லாம் கட்டியவருக்குக் காலர் மைக் தாங்குமா?

இன்னொன்று. விடிய விடிய ஆடுவதை இரண்டு மணி நேரத்துக்குச் சுருக்கச் சொன்னால் கூத்து வாத்தியார்கள் வருத்தப்படுவார்களா? புரிசை, காஞ்சிபுரம் பக்கம் குழுக்களோடு பழகியவர்கள் சொல்லுங்கள். சம்பளம், வண்டி, சாப்பாடு எப்படிப் பேசுவது என்றும் தெரிந்தால் நல்லது. பட்ஜெட் 40,000 ரூபாய், அதற்குள்தான் லைட்டும்.