‘அன்லெஸ்’ என்று வந்தால் செய்ய வேண்டுமா, கூடாதா? மாட்டிக்கொண்டேன், உதவுங்கள்

புதுவரவு:
வணக்கம். போன வாரம் மேலாளரிடமிருந்து ஒரு மின்னஞ்சல்: “அன்லெஸ் யூ ஹியர் ஃப்ரம் மீ பை ஃப்ரைடே, சென்ட் தி ரிப்போர்ட்.” அவர் சொல்லட்டும், அனுப்புவோம் என்று வெள்ளிக்கிழமை வரை காத்திருந்தேன். அவரும் சொல்லவில்லை, நானும் அனுப்பவில்லை. திங்கட்கிழமை நல்ல டோஸ். அடுத்த ரிப்போர்ட் எப்போது என்று கேட்டதற்கு “லெட்ஸ் ப்ளே இட் பை இயர்” என்றார். போனில் கூப்பிடுவார் போல என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இன் கேஸ், ஈவன் இஃப், ஒன்லி இஃப், இஃப் ஒன்லி எல்லாமே எனக்கு ‘இஃப்’ மாதிரிதான் தெரிகிறது. யாராவது விளக்குங்களேன்.

கரும்பலகை:
போனுக்குக் காத்திருக்காதீர்கள்! இசைக்குறிப்பைப் பார்க்காமல் கேள்வி ஞானத்தில் வாசிப்பதுதான் ‘ப்ளே பை இயர்’. அதிலிருந்து, முன்கூட்டித் திட்டம் போடாமல் ‘போகப்போகப் பார்த்துக்கொள்ளலாம்’ என்ற பொருள் வந்தது.

அன்லெஸ்ஸுக்கு நம்மிடம் ‘ஒழிய’ இருக்கிறது. ‘நான் ஏதாவது சொன்னால் ஒழிய, வெள்ளிக்கிழமை அனுப்பிவிடுங்கள்.’ அவர் பேசாமல் இருந்ததே சம்மதம். வெறும் ‘இல்லாவிட்டால்’ என்று மனப்பாடம் செய்தால் ‘அதர்வைஸ்’ஸோடு போய்க் குழம்பும்.

மற்றதற்குத் தமிழ் விகுதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். இஃப் என்றால் ‘வந்தால்’. ஈவன் இஃப், ‘வந்தாலும்’. ஒன்லி இஃப், ‘வந்தால்தான்’. இஃப் ஒன்லி மட்டும் வேறு சாதி, அது ஏக்கம்: ‘அவர் வந்திருக்கக் கூடாதா!’

அந்திமழை:
இன் கேஸ் விட்டுப்போச்சே. “டேக் தி கீ இன் கேஸ் தி டோர் இஸ் லாக்ட்” என்றால், கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு அல்ல, இப்போதே சாவியை எடுத்துக்கொள்ள வேண்டும். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்கிறோமே, அதேதான். ஆனால் சுவரில் எழுதியிருக்கும் ‘இன் கேஸ் ஆஃப் ஃபயர், ப்ரேக் க்ளாஸ்’ என்பதற்குத் ‘தீப்பிடித்தால் கண்ணாடியை உடைக்கவும்’ என்று அர்த்தம். ‘ஆஃப்’ வந்ததும் ஆள் மாறிவிடும். எதற்கும் இருக்கட்டும் என்று கண்ணாடியை உடைத்துவிடாதீர்கள்.

புதுவரவு:
அடடா, ‘ஒழிய’ வந்ததும் விளங்கிவிட்டது. இன்னொன்று. இப்போதைய விஷயத்துக்கு ஏன் இறந்தகாலம்? ‘இஃப் ஐ ஹேட் விங்ஸ்’ என்றால் முன்பு சிறகு இருந்ததா?

கரும்பலகை:
நல்ல கேள்வி. ‘சிறகு இருந்தால் பறப்பேன்’ என்கிறோம். ‘இருந்தேன்’, ‘இருந்தால்’ இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தமிழிலும் இறந்தகால அடியோடுதான் ‘ஆல்’ சேர்கிறது, நமக்கு அது உறுத்துவதே இல்லை. ஆங்கிலத்தில் நடக்கக்கூடியதற்கு நிகழ்காலம், வெறும் கற்பனைக்கு இறந்தகாலம் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். ‘இஃப் ஐ வேர் யூ’, அதாவது ‘உங்கள் இடத்தில் நான் இருந்தால்’, இந்தக் கற்பனை வகை. நடந்து முடிந்ததை மாற்றி நினைத்தால் இன்னும் ஒரு படி பின்னால் போகும்: ‘இஃப் ஐ ஹேட் நோன்’, தெரிந்திருந்தால். இதையே ‘ஹேட் ஐ நோன்’ என்று இஃப் இல்லாமலும் எழுதுவார்கள்.

அந்திமழை:
மரபுத்தொடர்களையும் இப்படி நம் தொடரோடு ஜோடி சேர்த்துவிட்டால் மறக்காது. ‘ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்’ என்றால் அத்தி பூத்தாற்போல. ஒரே மாதத்தில் வரும் இரண்டாவது பௌர்ணமியை ப்ளூ மூன் என்பார்கள், சுமார் இரண்டரை, மூன்று வருடத்துக்கு ஒருமுறை வரும். நிலா நீலமாகத் தெரியாது, அண்ணாந்து பார்த்து ஏமாந்தவர்களில் நானும் ஒருத்தி.

புதுவரவு:
மிக்க நன்றி. எழுதிக்கொண்டிருக்கும்போதே அவரிடமிருந்து அடுத்த மெயில்: “ஷுட் யூ நீட் மோர் டைம், லெட் மீ நோ.” கேள்விக்குறி இல்லை. இது கேள்வியா, திட்டா?

கரும்பலகை:
இரண்டும் இல்லை. வாக்கியத்தின் தலையில் ‘ஷுட்’ உட்கார்ந்து, முடிவில் கேள்விக்குறியும் இல்லையென்றால் அதுவும் ஒரு இஃப்தான், கொஞ்சம் மரியாதையான இஃப். ‘கூடுதல் நேரம் தேவைப்பட்டால் சொல்லுங்கள்’ என்கிறார். தேவைப்பட்டால் இன்றே கேட்டுவிடுங்கள், இந்த முறை அவர் சொல்வார் என்று காத்திருக்க வேண்டாம்.