அம்மாவுக்கு 138 போதாதா?

தோபாயோ மகள்:
அம்மாவுக்கு 68 வயது, நீரிழிவு இல்லை. இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் மாத்திரை 5 மில்லிகிராம் சாப்பிடுகிறார், அழுத்தத்தின் மேல் அளவு 138 வாக்கில் நிற்கிறது. இதயச் சுவர் தடித்திருக்கிறது, இன்னும் குறைக்க வேண்டும் என்கிறார் மருத்துவர். மாலையானால் கணுக்கால் வேறு வீங்குகிறது. 140-க்குக் கீழே வந்தால் போதாதா?

ஓய்வுபெற்ற தாதி:
கவலைப்படாதேம்மா, ஆனால் மருத்துவர் சொல்வதைத் தள்ளிவிடாதே. அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளித் தள்ளியே இடது கீழறையின் தசை தடிக்கிறது. அழுத்தம் இறங்கினால் அந்தத் தடிப்பும் குறையும், அதுதான் எனக்குப் பிடித்த செய்தி. 2015-இல் வெளியான அமெரிக்காவின் ஸ்பிரிண்ட் ஆய்வில் 9,361 பேர். 140-க்குக் கீழே இலக்கு வைத்தவர்களைவிட, 120-க்குக் கீழே இலக்கு வைத்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு, இதயநோய் மரணம் எல்லாம் சேர்த்து சுமார் 25 விழுக்காடு குறைவு. நீரிழிவுள்ளவர்களை அதில் சேர்க்கவில்லை. மயக்கமும் சிறுநீரகப் பாதிப்பும் கூடின, அதனால் எழுந்து நிற்கும்போது தலை சுற்றுகிறதா என்று அம்மாவைக் கேள்.

அந்த ஆய்வில் 5 நிமிடம் உட்காரவைத்து, 3 முறை அளந்து சராசரி எடுத்தார்கள். பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) வேகமாக நடந்துபோன கையோடு அளப்பது வேறு.

வீக்கம் அம்லோடிபினின் வேலையாக இருக்கலாம். லோசார்டான் வகை அழுத்த மருந்து சேர்த்தால் சிலருக்கு வற்றும். கேட்டுப் பார், நீயாக நிறுத்தாதே.

ஈசூன் தம்பி:
அக்கா, மீ (நூடுல்ஸ்) சூப்பை மிச்சம் வைக்கச் சொல்லுங்கள். உப்பெல்லாம் அதில்தான்.

தோபாயோ மகள்:
நன்றி அம்மா. தலைசுற்றல் உண்டு, காலையில் மட்டும். அதையும் எழுதிக்கொண்டு போகிறேன்.